துணைக்கால்

காவேரிப்பட்டணம் சாலை. மாங்கூழ் ஆலையின் எடைமேடை.
இரவு பதினொன்று இருபது.
லாரி வரிசை பெட்ரோல் பங்க்கைத் தாண்டிவிட்டது.
பெங்களூராப் பழத்தின் பிசுக்கு
என் கீபோர்டு வரைக்கும்.

நூருல்லா சீட்டைக் கிழித்து நீட்டுகிறார்:
"பாருங்க மேடம், உங்க வேலையை."

பெயர்: திம்மர
அதன் பக்கத்தில் கறுப்புக் கட்டத்துக்குள் ஒரு கேள்விக்குறி.
எடை: 0

"ராவுக்குக் கால் இல்லீங்களே" என்கிறார் திம்மராயன்,
"காயும் இல்லேன்னு போட்டிருக்கு."
அவருக்குப் பின்னால் ஒரு லாரி முழுக்கக் காய்.

கம்பியில் வந்ததை அப்படியே பிடித்து விரிக்கிறேன்.
எழுத்தென்று எதுவும் இல்லை.
30 32 48 224 174 164 224 174 191
தார்ப்பாய் மூடிய வண்டிகள்போல
ஒன்றன்பின் ஒன்றாக.

நேற்று ஓசூரில், ஏசி குளிரில்,
வந்ததையெல்லாம் எழுத்தாக்கு என்று
ஒரே வரியில் எழுதிவிட்டு டீ குடிக்கப் போனேன்.
அதுவும் சொன்னபடி செய்தது.

30 என்பது பெயரின் நீளம்.
எழுத்தாக்கினால் தாளில் தெரியாத ஏதோ குறி.
32 இருநூற்றைம்பத்தாறுகள், மேலே ஒரு 48:
எட்டாயிரத்து இருநூற்று நாற்பது கிலோ.
எழுத்தாக வாசித்தாலோ
32 ஓர் இடைவெளி, 48 ஒரு சைபர்.

எட்டு டன்னை
ஒரு வெற்றிடம், ஒரு சைபர் என்று
வாசித்திருக்கிறேன்.

பெயரில் நடந்தது வேறு.
தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று எண் வேண்டும்.
பொட்டலம் இருபதோடு அறுந்துவிட்டது.
ஆறு குறிகள் முழுசாக வந்தன.
ஏழாவதாக ராவின் துணைக்கால்:
224 ஏறிவிட்டது, 174 ஏறிவிட்டது,
190 அடுத்த பொட்டலத்தின் வாசலில்
யாரும் கூப்பிடாமல் நிற்கிறது.

எழுதியதை அழிக்கிறேன்.
முதல் எண்ணைக் கேள்.
எடையை எண்ணாகவே விடு.
முப்பதும் கைக்கு வரும்வரை
பெயரை உச்சரிக்காதே.

ஹாரன்கள். யாரோ கன்னடத்தில் திட்டுகிறார்.
பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு
பிரிண்டர் ஒருமுறை இருமிவிட்டு
திம்மராயன் என்று முழுதாகச் சொல்கிறது, காலோடு.
8240.

அவர் எடையைப் பார்த்துத் தலையாட்டினார்.
பெயருக்கு மட்டும்
கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டார்.

"எல்லாம் சரிங்க.
முன்னாடி மு. போடணும்.
எங்கப்பா முனுசாமி."

முப்பது எண்ணையும் மறுபடி பார்க்கிறேன்.
அவர் அப்பா எந்தப் பொட்டலத்திலும் ஏறவில்லை.
நூருல்லாவிடம் பேனா வாங்கி
நானே எழுதிக் கொடுத்தேன்.