அக்கறை இல்லாத சாட்சி

பதினொன்று நாற்பத்திரண்டுக்கு ஒரு பிழை செய்தேன்.
ஹேவ்லாக் சதுக்க நீதிமன்றத்தில்,
குளிரூட்டிக்குப் பயந்து சால்வையோடு நான் உட்காரும்
அந்தச் சிறு நாற்காலியில்.

கூண்டில் அடைக்கலம்.
அறந்தாங்கிக்குத் தெற்கே ஏதோ ஓர் ஊர்.
துவாஸில் பாரந்தூக்கிக்குக் கைகாட்டும் வேலை.
விழுந்தது ரஃபிகுல், பங்களாதேஷ்காரர்.
சாரத்துப் பலகையை யாரும் கட்டியிருக்கவில்லை என்று
பார்த்ததைச் சொல்ல வந்திருந்தார் அடைக்கலம்,
யாரிடமோ இரவல் வாங்கிய முழுக்கைச் சட்டையில்
கழுத்துப் பொத்தான்வரை பூட்டி.

நிறுவனத்தின் வழக்கறிஞர் குவெக்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
துடைத்தால் அடுத்த கேள்வி வெட்டும் என்று அர்த்தம்.
நீங்கள் ஒன்றும் டிஸ்இன்டரஸ்டட் சாட்சி இல்லையே, என்றார்.

என் வாய் என்னைவிட வேகம்:
"நீங்க ஒண்ணும் அக்கறை இல்லாத சாட்சி இல்லையே?"

அடைக்கலம் நிமிர்ந்தார்.
"ஆமாங்க, அக்கறை இருக்கு.
இல்லாட்டி எதுக்கு வரப்போறேன்?"

ஆமாம்.
அந்த ஆமாம் என் நாக்கு நுனியில் இருந்தது.
அதை அப்படியே ஆங்கிலத்தில் இறக்கிவைத்தால்
'எனக்கு இதில் பங்குண்டு' என்றாகும்.
குவெக் நன்றி சொல்லி உட்கார்ந்துவிடுவார்.

அன்இன்டரஸ்டட் என்றால் அக்கறை இல்லாதவர்,
கொட்டாவி விடுகிறவர்.
டிஸ்இன்டரஸ்டட் என்றால் ஆதாயம் இல்லாதவர்.
அவர் இரவெல்லாம் தூங்காமல்கூடக் கிடந்திருக்கலாம்.
வங்கியில் இன்டரஸ்ட் என்றால் வட்டி.
வட்டி வாங்காத சாட்சி என்றிருந்தால்கூட
பக்கத்தில் போயிருக்கும்.
தெரியாமலா? இதில் தேர்வெழுதித்தான் இந்த நாற்காலி.

தமிழில் மட்டும் என்ன வாழ்கிறதாம்.
அக்கறைக்கு வல்லினம், அக்கரைக்கு இடையினம்.
ஒலிப்பதிவுக் கருவிக்கு இரண்டும் ஒன்றுதான்.
அக்கரையிலிருந்து வந்தவருக்கு அக்கறை இருக்கிறதா என்பதை
எழுதிக் காட்டினால்தான் உண்டு.

எழுந்து நின்றேன்.
"யுவர் ஆனர், மொழிபெயர்ப்பாளரின் பிழை."
பத்தொன்பது வருடத்தில் அந்த அறையில்
என்னைப் பற்றி நான் பேசிய முதல் வாக்கியம்,
அதுவும் படர்க்கையில்.
நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார்.
திருத்துங்கள், என்றார்.

"யாரு ஜெயிச்சாலும் உங்களுக்கு ஏதாவது
ஆதாயம் உண்டா?"

விரல்விட்டு எண்ணத் தொடங்கினார்.
"மூணு நாள் சம்பளம் போச்சுங்க.
காலையில வழி தெரியாம டாக்சிக்கு முப்பத்தோரு வெள்ளி.
அவன் பாஷை எனக்குத் தெரியாது,
என் பாஷை அவனுக்குத் தெரியாது.
ஒரு தடவை என் கருவாட்டுக் குழம்பை
அவன் வாங்கிச் சாப்பிட்டான்,
மறுநாள் ஒரு ஆப்பிள் குடுத்தான்.
அது ஆதாயத்துல சேருமுங்களா?"

'சேருமுங்களா'வையும் விடாமல் சொன்னேன்.
யாரும் சிரிக்கவில்லை.
குவெக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு
அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

சாப்பாட்டு இடைவேளையில் கீழே இறங்கினேன்.
சாலையின் எதிர்ப்பக்கம் நிழலில் அவர்,
பாக்கெட் பார்லித் தண்ணீரில் குழல் குத்தத் தெரியாமல்
திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.
விசாரணை முடியும்வரை சாட்சியோடு பேசக்கூடாது.
நான் ஆதாயமற்றவள், சத்தியம் செய்திருக்கிறேன்.
எத்தனை வருடமாக அதை
அக்கறையற்றவள் என்று வாசித்துக்கொண்டு
மணி ஐந்துக்குப் பையைத் தூக்கியிருக்கிறேன்!

ரஃபிகுலின் இடுப்பெலும்பு எத்தனை துண்டு என்று
என் வாயால்தான் சென்ற மாதம் சொன்னேன்.
எண் நினைவில்லை.

பச்சை மனிதன் எரிந்தான்.
கூட்டம் கடந்தது. நான் கடக்கவில்லை.
அவர் என்னைக் கண்டு தலையசைத்தார்.
தலையசைப்பு பேச்சில் சேருமா
என்று யோசிப்பதற்குள்
அசைத்துவிட்டேன்.