மன உறுதி பதினான்கு

அணியைத் தேர்ந்தெடு என்கிறது திரை.

நாங்கள் எட்டுப் பேர், எட்டு ஊர்களில்.
பெர்கனிலிருந்து ஆட்லே
மிகப் பணக்கார கிளப்பை முதல் நிமிடமே எடுத்துவிட்டான்;
எந்தப் பந்திக்கும் முந்துகிறவன்.
ரொசாரியோவின் நெலிதாவுக்குத் தன் தெருமுனை அணி,
அதைத் தவிர வேறெதுவும் அவள் கண்ணில் படாது.
மற்றவர்கள் கோப்பைகளை எண்ணிப் பார்த்து எடுத்தார்கள்.
மிச்சம் நான்.

லியெபாயாவில் இரவு பதினொன்றரை.
ஜன்னலில் பனியுமில்லாமல் மழையுமில்லாமல் ஏதோ ஒன்று.
கடைசி டிராமைக் கொட்டகையில் விட்டுவிட்டு வந்தவன்,
கையில் இன்னும் இரும்பு வாசம்.

நாடு லாத்வியா. பிரிவு மூன்று.
பானையின் அடியில் ஒட்டிய பருக்கை போல
பட்டியலின் கடைசியில்: கரோஸ்தா மாலுமிகள்.
மைதானத்தில் இருக்கைகள் ஆயிரத்து நூறு
(போன சனிக்கிழமை வந்தது அறுபத்து மூன்று, ஒரு நாயையும் சேர்த்து).
புல்தரை: மோசம்.
கையிருப்பு: ஆட்லே தன் தடுப்பாட்டக்காரனின்
ஒரு முழங்காலுக்குக் கொடுக்கும் காசு.
நிர்வாகத்தின் எதிர்பார்ப்பு: கீழே இறங்காமலிருத்தல்.

அழுத்தினேன்.

ஏன் அந்த அணி என்று எல்லோரும் கேட்டார்கள்.
சொல்லவில்லை.
ஆட்டக்காரர் பட்டியலில் இருபத்திரண்டாம் வரி:
ஸ்த்ராஸ்தின்ஷ், க்விதோ. கோல்கீப்பர். வயது முப்பத்து நான்கு.
எங்கள் மொழியில் அது ஒரு குட்டிப் பறவையின் பெயர்.
எழுத்தின் அடியில் ஒரு கொக்கி உண்டு, கடைசியில் ஒன்றன் தலையில் சிறகு.
இரண்டையும் வெட்டிவிட்டு உள்ளே விட்டிருக்கிறார்கள் என்னை.
முகம் இல்லை. சாம்பல் நிறத் தலையும் தோளும் மட்டும்.

இருபதுக்கு மதிப்பெண்.
தாவல் ஐந்து. சரி.
உதைத்தல் நான்கு. எங்கள் பயிற்சியாளர் மூன்று என்பார்.
உயரப் பந்து ஆறு. வாதாடலாம்தான்,
ஆனால் குல்டீகா ஆட்டத்தைப் பார்த்தவர்கள் இன்னும் உயிரோடிருக்கிறார்கள்.
மன உறுதி பதினான்கு.

பதினான்கு.
எழுதியது யார்?
யாரோ ஒருவர் வந்திருக்கிறார்,
டிக்கெட் வாங்கி, ஈர பெஞ்சில் உட்கார்ந்து,
விரல் விறைக்க விறைக்கக் குறித்திருக்கிறார்.
அன்று நான் ஆடியிருக்கவே மாட்டேன்.
கோட்டோரம் தொண்ணூறு நிமிடம்
யாரும் கூப்பிடாமல் உடம்பைச் சூடேற்றிக்கொண்டிருந்தேனே,
அதைப் பார்த்தா?

சோல்விதாவை எழுப்பிக் காட்டினேன்.
அரைத் தூக்கத்தில் கேட்டாள்:
"பாத்திரம் கழுவ எத்தனை போட்டிருக்கிறார்கள்?"

பிறகு வேலை. சம்பளக் கணக்கு எல்லை தாண்டியிருந்தது.
துணைப் பயிற்சியாளரிடமிருந்து கடிதம், அவரே இல்லாத ஆள்:
ஸ்த்ராஸ்தின்ஷை விடுவித்தால்
பதினேழு வயதுப் பையன் ஒருவனுக்கு இடம் கிடைக்கும்.
பையனை எனக்குத் தெரியும். ரேனார்ஸ்.
உடை மாற்றும் அறையில் என் பக்கத்து ஆணியில்தான் சட்டை மாட்டுவான்.
தாவல் பதின்மூன்று.

கடிதத்தை மூடினேன்.
எனக்கு நானே ஓராண்டு ஒப்பந்தம் நீட்டினேன்,
வாரம் நாற்பது யூரோ.
நிஜத்தில் யாரும் தராத பத்தையும் கூட்டிவைத்தேன்.

அங்கே ஓர் இரவு, இங்கே மூன்று நொடி. பதில் வந்தது.
"நன்றி. சீசன் முடிவில் ஓய்வு பெற முடிவு செய்துவிட்டேன்."

என்னை ஒரு வார்த்தை கேட்காமல்.

மறுபடி பேசிப் பார்த்தேன்.
பேச விருப்பமில்லை என்கிறான்.
அசையவில்லை.
அந்தப் பதினான்கை இதற்கா வைத்திருந்தான்?

ஐந்து பத்துக்கு முதல் டிராம்.
ரேடியேட்டர்மேல் கையுறைகள் காய்கின்றன, விரல்கள் மேல்நோக்கி.
சனிக்கிழமை ஆட்டம் இருக்கிறது, திரையிலும் தரையிலும்.
தரையில் யார் நிற்பார் என்பது எனக்குத் தெரியும்.
திரையில் அவனை முதல் பதினொன்றில் போட்டேன்,
ரேனார்ஸைப் பெஞ்சில்.
ஒரே ஓர் ஆட்டம்.
ஆட்லே கேட்டால்
பையனுக்குத் தொடையில் பிடிப்பு என்று சொல்லிக்கொள்ளலாம்.