குலுக்கல் சோதனை

சாக்கோட்டையில் இரண்டு நாள் பயிற்சி.
இருபத்தாறு செவிலியர், ஓடும் ஒரு மின்விசிறி,
வருகைக் கையெழுத்துக்கு ஒரு நீல ஃபைல், ஒரு பேனா.
பேனா முதல் வரியிலேயே நின்றுவிட்டது.

முதல் நாள் முழுக்க உடம்புக்குள் நடந்தோம்.
வந்துபோன கிருமியை மறக்காத அணுக்களைப் பற்றி
டாக்டர் அமலோற்பவம் படம் போட்டுக்கொண்டிருக்க,
"மொய் நோட்டு மாதிரிதானே மேடம்,
யாரு என்ன செஞ்சாங்கன்னு பாத்து
திருப்பிச் செய்யிறது" என்றாள் குருவம்மாள்.
சிரித்து ஓய்ந்த பிறகு
டாக்டர் பலகையில் எழுதினார்: மொய் நோட்டு.

ஒரு மருந்து குப்பிக்குள் வந்து சேர
பத்து, பதினைந்து வருஷம் ஆகலாமாம்.
கல்யாணம் முடித்தவளின் பிள்ளை
எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற காலம்.
எத்தனை ஆயிரம் பேர் கை நீட்டியிருப்பார்கள்,
முகம் தெரியாத பிள்ளைகளுக்காக.
அதைக் கடைசி நான்கு மைல் சுமப்பது நான்,
தோளில் நீலப் பெட்டி, ஸ்கூட்டியில் பாதி பெட்ரோல்.

இரண்டாம் நாள் காலை
மேஜையில் இரண்டு பென்டா குப்பிகள்.
ஒன்று நல்லது.
ஒன்றை ராத்திரி முழுக்க ஃப்ரீசரில் வைத்து
வேண்டுமென்றே கெடுத்திருந்தார்கள்.
இரண்டையும் குலுக்கி வைத்துவிட்டுக் காத்திருந்தோம்.
நல்லது வெண்மையாகவே நின்றது.
கெட்டது மெல்ல அடியில் இறங்கியது,
மேலே தெளிவு, கீழே வண்டல்,
மூலையில் வைத்த அரிசிக் கழுநீர் போல.

உறைந்த உப்பு கட்டிவிட்டால்
இளகினாலும் பழையபடி கலக்காது
என்று அவர் சொல்லும்போது
என் வலது உள்ளங்கை சில்லிட்டது.

ஆடி, மூன்றாம் புதன்.
புதுவயல் மில்லுக்குப் பின்தெரு.
நேரமாகிவிட்டது. ஐஸ் கட்டி வியர்க்கும்வரை,
ஆட்டினால் உள்ளே தண்ணீர் சத்தம் கேட்கும்வரை
பொறுக்காமல் பெட்டிக்குள் அடுக்கினேன்.
திறந்தபோது குப்பியில் பூப்போல உறைபனி.
உள்ளங்கையில் பொத்தி இளக்கினேன்.
குளிர்ந்த குஞ்சைச் சூடேற்றுவது போல, அவ்வளவு அக்கறையாக.
ஒன்பது பிள்ளைகளுக்குப் போட்டேன்.

கை தூக்கினேன். சொன்னேன்.
மின்விசிறி மட்டும் பேசியது.

டாக்டர் திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.
"ஆபத்தில்லை. ஆனா காப்பும் இருக்காது.
எழுதிக் குடுங்க, திரும்பப் போடணும்."
கையேட்டைப் புரட்டினார். முப்பத்தொன்றாம் பக்கம்,
இரண்டே சொல்: மீண்டும் செலுத்துக.

மத்தியானம் தக்காளி சாதம் இறங்கவில்லை.
பஞ்சவர்ணம் பிள்ளைக்கு அன்று ராத்திரி காய்ச்சல்,
மறுநாள் மில்லுக்குப் போகவில்லை, கூலி போச்சு.
காய்ச்சல் வந்தா மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம்
என்று சொல்லியிருந்தேன்.
நெல் அவிக்க வந்த ஒடிசாக்காரி சுனிதா
பிள்ளையோடு ரயிலேறிவிட்டாள்.
அவள் நம்பர் அணைந்தே கிடக்கிறது.

கடைசி வகுப்பு நடிப்பு.
ஊசி வேண்டாம் என்கிற தாயாக நான்,
நர்சாக குருவம்மாள்.
"இன்னொரு தடவை போடணும்மா" என்றாள்.
"மொதல்ல போட்டது என்னாச்சு?" என்றேன்.
அவள் கையேட்டின் பதிலைச் சொன்னாள், அழகாக, குறையில்லாமல்.
"யாரு கெடுத்தா?"
அவள் என்னைப் பார்த்தாள்.
வசனம் அத்தோடு முடிந்துபோயிருந்தது.
எல்லாரும் கை தட்டினார்கள்.

சான்றிதழில் என் இனிஷியல் தப்பு.
சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு
வீட்டுக்கு இரண்டு நிறுத்தம் முன்பே இறங்கினேன்.
அவித்த நெல் வாடை, கரித்தூள், மில் சங்கு.
ஷிஃப்ட் முடிந்து முந்தானையில் தவிடு உதறிக்கொண்டிருந்த
பஞ்சவர்ணம் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள்:
"என்ன நர்சம்மா,
இன்னைக்குப் புதன் இல்லியே?"