இரண்டே கட்டங்கள்

காலை ஏழு மணிக்கு
மடக்கு நாற்காலியை ஈரப்புல்லில் ஊன்றினேன்.
தாளில் இரண்டே கட்டங்கள்:
நடப்பவர். மிதிப்பவர்.
"எண்ணினால் போதும்,
வேறெதுவும் எண்ண வேண்டாம்" என்றிருந்தார்
மாநகராட்சிப் பொறியாளர் மால்ட்வின் ப்ராசர்.

ஸ்வான்சீயில் நவம்பர் மழை பெய்வதில்லை,
காற்றில் ஊறிக் கிடக்கிறது.
பூங்காவின் குறுக்கே பாதை.
அகலம் இரண்டு மீட்டர் என்பது பதிவேட்டில்;
பாசியும் சருகும் அதில் பங்கு கேட்டு
வெகுநாள் ஆகிறது.
நடுவில் ஒரு வெள்ளைக்கோடு,
பங்காளிச் சண்டையில் மிஞ்சிய வேலிபோல்
அங்கங்கே.

முதல் ஒரு மணி நேரம் சுலபம்.
ஷிஃப்டுக்குப் பறக்கும் நர்சுகள்,
பள்ளிப் பைகள், குடைகள்.
நாலு கோடு நட்டு
ஐந்தாவதைக் குறுக்கே கிழித்தேன்.

எட்டு பத்துக்கு ஒருத்தி
பஞ்சரான சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.
எந்தக் கட்டம்?
அப்பாவின் தோளில் ஒரு குழந்தை.
அது நடக்கவில்லை, மிதிக்கவில்லை,
ஆனால் வந்தது.
எனக்குக் கைகூட ஆட்டியது.
ஒரே ஆள் பதினொரு சுற்று ஓடினால்
பதினொரு பேரா?
மின்சக்கர நாற்காலியில் ஹெட்டி பார்ஃபிட்,
லிண்டன் மரத்தின் வேர் முட்டித் தாரைப் பிளந்த இடத்தில்
நின்றாள், கணக்குப் போட்டாள்,
வந்த வழியே திரும்பிப் போனாள்.
வந்தவளா, போனவளா, வராதவளா?

தாளின் ஓரத்தில் எழுத ஆரம்பித்தேன்.
மூன்றாம் விளக்கடியில் குட்டை.
எல்லோரும் புல்லில் இறங்குகிறார்கள்.
புல் அங்கே இல்லை.

வளைவில் ஹாலி புதர், ஆள் உயரம்.
பத்தே காலுக்கு அந்தப் பக்கமிருந்து
சாப்பாட்டுப் பையோடு ஃபில்மோன்,
இந்தப் பக்கமிருந்து
காதுக்கருவியைச் சட்டைப்பையில் போட்டிருந்த கிளெட்வின்.
மணியடித்தான். அவர் வானம் பார்த்து நடந்தார்.
பிரேக். முட்புதர்.
நூடுல்ஸ் கிளைகளில் தொங்கியது.
அவன் திக்ரின்யாவில் ஏதோ சொன்னான்,
அவர் வெல்ஷில் ஏதோ சொன்னார்,
இரண்டுக்கும் உரை தேவைப்படவில்லை.
"இது என் பக்கம்."
"என் பக்கம்."
இருவரும் குனிந்து கோட்டைத் தேடினார்கள்.
ஷூ முனையால் சருகை விலக்கித்
தேடிக்கொண்டே இருந்தார்கள்.
பிறகு கிளெட்வின்
முன்சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவே இறுக்கிப் பிடிக்க
ஃபில்மோன் கைப்பிடியை நிமிர்த்தினான்.
நடப்பவர் ஒன்று, மிதிப்பவர் ஒன்று
என்று குறித்தேன்.
வேறென்ன செய்ய?

மாலை கூட்டிக் கொடுத்தேன்: அறுநூற்றுப் பன்னிரண்டு,
முந்நூற்று எண்பத்தெட்டு.
ப்ராசர் ஓரத்தைப் படித்தார்.
"இதை எந்தக் கணினியில் ஏற்ற?" என்றார்.
ஆனாலும் தாளை மடித்தது கோப்புக்குள் அல்ல,
கோட்டுப் பைக்குள்.

ஏப்ரலில் இயந்திரங்கள் வந்தன.
நாலு மீட்டர் கேட்டதற்கு
மூன்றுக்குத்தான் பணம்.
வேரை வெட்டவில்லை;
பாதை மரத்தைச் சுற்றி ஒதுங்கிப் போகிறது,
கூட்டத்தில் கர்ப்பிணிக்கு வழிவிடுவதுபோல்.
புதரை இடுப்பளவு இறக்கினார்கள்.
கோடு போடவே இல்லை.
"கோடு எங்கே, கோடு எங்கே" என்று
முதல் வாரம் ஆளாளுக்குக் கடிதம் எழுதினார்கள்.
எழுதியவர்கள் உட்பட எல்லோரும்
மெதுவாகப் போனார்கள்.
குட்டை மட்டும்
நாலாம் விளக்கடிக்குக் குடிபெயர்ந்துவிட்டது.

போன வியாழன் அந்த வழியே போனேன்.
ஹெட்டி எனக்கு முன்னால், வேகமாய்,
மணியடிக்கச் சொல்லி என்னையே அதட்டிக்கொண்டு.
வளைவு தாண்டி
ஒரு மடக்கு நாற்காலி, ஒரு பையன், ஒரு தாள்.
என்ன தோன்றியதோ
இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன்.
அவன் என்னைப் பார்த்தான்.
பேனாவைப் பார்த்தான்.
மறுபடி என்னைப் பார்த்தான்.