பெட்டிமேல் மூன்று எழுத்து

குன்னூர்க் கிடங்கில் ஏழு வருஷம்
தேயிலைப் பெட்டிக்கு எழுத்தடித்தேன்.
தகட்டை அசையாமல் அழுத்திப் பிடித்து
கறுப்பு மையில் நாலு தட்டு.
முதல் எழுத்து எண் நாலு மாதிரி.
அடுத்தது எனக்கே தெரிந்த ஏ.
மூன்றாவது, கண்ணாடிக்குள் நிற்கிற என்,
தலைக்கு மேலே ஒரு பிறை.
என்ன எழுத்து என்று கேட்டால்
மேஸ்திரி நம்பியார் "ரஷ்யா" என்பார்.
தனித்தனியாகக் கேட்டாலும்
மூன்றுக்கும் ரஷ்யாதான்.

வியாழக்கிழமை சாயந்தரம்
பெட்ஃபோர்டு கறிக்கடையில் வரிசை நீண்டால்
ஏலத்தில் ரஷ்யாக்காரன் கை தூக்கியிருக்கிறான்.
வரிசை இல்லையா, வெறும் எலும்பு வாங்கி
ரசம் வைக்கிற வாரம்.

ஹட்டியில் போஜன் உருளைக்கிழங்கைப் பிடுங்கிவிட்டு
ஒன்றரை ஏக்கரில் தேயிலை வைத்தவன்.
ஹெத்தையம்மன் படத்துக்குக் கீழே
கப்பல் காலண்டர் மாட்டியிருந்தான்.
"எம் பொண்ணு காலேஜ் போறது
அந்தக் கப்பல்லதான்" என்பான், பெண் போவதோ
கோத்தகிரி பஸ்ஸில், படியில் தொங்கிக்கொண்டு.

நம்பியாருக்கு அவர்கள் சொந்தக்காரர்கள்.
மே மாதம் சட்டைப்பையில் சிவப்புத் துணி குத்துவார்.
பெண்களுக்கு நாலணா கூட்டிக் கேட்டபோது மட்டும்
"இப்ப வேண்டாம், ஆர்டர் கெட்டுப்போகும்" என்றார்,
குரலை இறக்கி,
அவர்கள் காதில் விழுந்துவிடும் என்பதுபோல.

நெய் கொண்டுவருகிற நஸ்தர் குட்டன்,
தோளில் பூத்துக்குளி, மந்து மேட்டுப்பாளைய வண்டி நேரத்துக்கு
அரை மணி முன்னால் வந்து உட்காருவான்.
ரஷ்யா பேச்சு வந்தால் கொட்டாவி விடுவான்.
"வெள்ளைக்காரன் குடிச்சான். இப்ப இவன் குடிக்கிறான்.
எருமை தேயிலை தின்னாது."

ஒருமுறை தகடு புரண்டது. கவனிக்கவில்லை.
நாற்பது பெட்டி அடித்தபின் பார்த்தேன்,
மூன்றாவது எழுத்து
முதன்முறையாகச் சரியாக நின்றது.
அன்றைக்கென்று இரண்டு பேர் சோதனைக்கு வந்தார்கள்.
வயிறு பெருத்தவர் பெட்டியருகே குனிந்தார்,
விரலால் வலமிருந்து ஒவ்வொன்றாகத் தொட்டார்,
என்னைப் பார்த்துச் சொன்னார்:
"சாய்."
சாய்த்தேன்.
பெட்டியை, பாதி தூரம், மூச்சைப் பிடித்துக்கொண்டு.
அவர் பதறிப்போய் நிமிர்த்தினார்,
அப்புறம் சிரித்தார், அப்புறம் நானும்.
ஏழு வருஷமாக நான் எழுதியது
தேநீர் என்று அன்று தெரிந்தது.
நாற்பது பெட்டிக்கும்
அரைநாள் சம்பளம் பிடித்தார் நம்பியார்.

மார்கழியில் உறைபனி புல்லைக் கருக்கியிருந்த ஒரு காலை
நம்பியார் ரேடியோவைத் திருப்பவேயில்லை.
அந்த நாடே இல்லையாம்.
அடித்து வைத்த பெட்டிகள் கூரைவரை.
போஜன் கிடங்கு வாசலில் நின்று
என்னிடம் வந்து கேட்டான்,
"நாடு எப்படி அக்கா இல்லாமப் போகும்?"
எனக்கு அது தெரிந்திருக்கும் என்று நினைத்திருக்கிறான்.
பத்து வயதில் தலைமன்னாரில் கப்பலேறியவள் நான்,
மடியில் குடும்ப அட்டை, வாயில் வாந்தி.
எங்கள் கதையில் நாடு இருந்தது,
நாங்கள்தான் இல்லை என்றார்கள்.
இது வேறு மாதிரி.
ஆட்கள் அடுப்பைப் பற்றவைத்து உட்கார்ந்திருக்க
நாடு எழுந்து போயிருக்கிறது.
தெரியவில்லை போஜா, என்றேன்.

அந்த வாரம் கறிக்கடை திறக்கவில்லை.
குட்டன் நெய்க்காசைக் கடனாக எழுதிக்கொள்ளச் சொன்னான்,
வேறு ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்.

பெட்டிகளை விறகு விலைக்குத் தள்ளினார்கள்.
ஒன்று எங்கள் காலனி வீட்டில் இருக்கிறது,
ரேஷன் கார்டும் அந்தப் பழைய அட்டையும் அதற்குள்.
மழைக்காலத்தில் சுவரோடு சாய்த்து வைப்பேன்.

தை பிறந்து பதினைந்து நாள் கழித்து
புதுத் தகடு ஒன்றை நம்பியார் கையில் திணித்தார்.
பாம்பும் புள்ளியுமாக எழுத்து,
வலமிருந்து இடம் போவதாம்.
எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை.
"எந்தப் பக்கம் மேலே?" என்றேன்.
அவர் இரண்டு தடவை திருப்பிப் பார்த்தார்.