மூன்று பத்து

"சாதனம் துண்டிக்கப்பட்டது."
ஒரு நொடி கழித்து,
"புதிய சாதனம் கண்டறியப்பட்டது."

புதியதாம்.
அதே ஒலிப்பெட்டி, அதே யுஎஸ்பி போர்ட்,
நவம்பரிலிருந்து யாரும் தொடாத அதே கறுப்பு வால்.
ஒரு நொடிப் பிரிவுக்கே
"தாங்கள் யார்?" என்கிறது போர்டு.

வோர்ம்ஸி தீவில் பிப்ரவரி.
படகுத்துறைக் கொட்டகையில்
உள்ளங்கையளவு கணினி ஒன்று
பனிக்கட்டியைத் துளைத்துக் கம்பி இறக்கி
கடல்நாய்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறது.
கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.
தார்த்துவிலிருந்து ஹெல்யே போன் செய்கிறாள்:
"மாரிகா, பதிவில் ஓட்டை விழுகிறதே,
எலி கடிக்கிறதா?"

எலியையும் தேடிவிட்டேன்.
கேபிளை மாற்றினேன்.
போர்ட்டை மாற்றினேன், நாலும் ஆயிற்று.
சும்மா இருக்கும்போது தூங்கிவிடும் அதன் பழக்கத்தை
ஒரே வரியில் தடை செய்தேன்.
கர்னலைப் பழையதாக்கி, பிறகு புதிதாக்கி.
முனையை ஊதினேன். ஊதக்கூடாது, எச்சில் படும்.
ஊதாதவர் யார்?
செருகினேன், ஏறவில்லை. புரட்டினேன், ஏறவில்லை.
மறுபடி புரட்டினால்
முதலில் பிடித்த பக்கமே சரி.

ஹெர்ரிங் பெட்டி மூடியில் பென்சிலால் நேரங்களைக் குறித்தேன்:
3.10
3.08
3.14
ஞாயிறு, ஒன்றுமில்லை.
திங்கள், 3.11. மறுபடி 4.40.
துருவுக்குக் கிழமை தெரியாது.
ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருப்பது
மனிதருக்குத்தான் தெரியும்.

ஐந்தாம் இரவு அங்கேயே படுத்தேன்.
தூக்கப்பை, கம்பு ரொட்டி, ஒரு டப்பா மீன்,
மடியில் மல்டிமீட்டர்.
5.1
5.0
5.1
மேலே, மேட்டு வீட்டில், ஒரு ஜன்னல் மஞ்சளானது.
என் தலைக்குமேல் பல்பு லேசாகக் கண் தாழ்த்தியது.
4.5.
ஒலிப்பெட்டி செத்தது, பிழைத்தது.
மூன்று நிமிடத்தில் அந்த ஜன்னலில் ஆவி படர்ந்தது.

கெட்டில்!
தீவின் கடைசிக் கம்பத்தில்
எங்கள் இருவருக்கும் ஒரே லைன்.

உர்மெத் வீடு அது.
படகின் எஞ்சின் அறையில் வேலை.
ஐஸ் துளைக்கும் கருவியை எனக்கு இரவல் தந்தவன்.
"தலை சாய்த்தால் போதும், மரக்கட்டை நான்"
என்று கடையில் எல்லோரிடமும் சொல்பவன்.
அக்டோபரில் மகள் தாலினுக்குப் போனாள், தன் அம்மாவோடு.
சனிக்கிழமைப் படகில் வருவாள்,
ஞாயிறு மாலைப் படகில் திரும்புவாள்.

பெட்டி மூடியைத் திருப்பி வைத்தேன்.
கடல்நாய்களை ஒட்டுக்கேட்க எனக்கு அனுமதி இருக்கிறது,
முத்திரை குத்திய காகிதம்.
இதற்கு இல்லை.

ஹாப்சாலுவில் வாங்கினேன்:
நல்ல அடாப்டர் ஒன்று,
தடித்த, முழ நீளக் கேபிள்,
தனக்கென்று மின்சாரம் வைத்திருக்கும் ஒரு ஹப்.
இருநூற்றுப் பதினாலு மணி நேரம்
லாகில் ஒரு வரி கூட இல்லை.
ஹெல்யே கேக் படம் அனுப்பினாள்.

கருவியைத் திரும்ப வாங்க வந்தவன்
கொட்டகை வாசலில் நின்று கேட்டான்,
"சரியாயிற்றா? என்னதான் கோளாறு?"
"கம்பி மெல்லிசு" என்றேன்.
"சும்மா இருக்கும்போது ஐந்து காட்டும்.
சுமை வந்தால்தான் தெரியும்."
அவன் தலையாட்டினான்,
ஒரு கேபிளுக்குத் தேவையானதைவிடக்
கொஞ்சம் அதிக நேரம்.
பிறகு துளைப்பானைத் தோளில் போட்டுக்கொண்டு,
"நல்ல பிளேடு இது, மழுங்கவிட்டாயே" என்று திட்டினான்.

இப்போது 3.10 முழுசாக இருக்கிறது.
ஹெட்போனில் போட்டுப் பார்த்தேன்.
பேச்சு இல்லை.
ஏதோ ஒரு கடல்நாய்
மூச்சு விடும் துளை உறைந்துவிடாமல்
அடியிலிருந்து ஐஸைப் பிறாண்டுகிறது,
நிறுத்துகிறது,
பிறாண்டுகிறது.