கண்ணாடிக் கூட்டுக்குள் கொஞ்சம் தண்ணீர்

கழுவுவது அரைமணி நேரம்.
துவட்டுவதுதான் வேலை.

கூரை, முகப்பு, நீண்ட பக்கக் கண்ணாடிகள்,
இவை நல்ல பிள்ளைகள்.
துணியைப் போர்த்தி ஓர் இழுப்பு இழுத்தால்
கருப்பில் என் முகம் தெரியும், மூக்கு சிவந்து.
ஜூலை மாதம். பைசாண்டுவில் குளிர்காலம்.
ஆற்றிலிருந்து ஏறிவரும் காற்று
விரல் கணுக்களை ஒவ்வொன்றாக எண்ணும்.

கள்ளத் தண்ணீர் வேறு.
கதவின் அடி ரப்பரில்,
பெட்ரோல் மூடியின் இடுக்கில்,
பின்விளக்கின் உதட்டுக்குள்,
முன்சின்னத்தின் முதுகில்.
எல்லாவற்றையும்விடப்
பக்கவாட்டுக் கண்ணாடியின் கூட்டுக்குள்
ஒரு மிடறு.
எத்தனை துடைத்தாலும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்.
வண்டி நகர்ந்ததும் வெளியே வரும்.

போன வாரம் அப்படித்தான்.
மருந்துக்கடை தோன்யா ஒதிலியாவை ஏற்றிக்கொண்டு
திரும்பிய முதல் முனையிலேயே
கண்ணாடி கசிந்தது.
கதவில் ஒரு கோடு, பிறகு இன்னொன்று,
தூசி கரைந்த கோடு.
"வண்டி அழுவுது" என்றது ஒரு பேரப்பிள்ளை.
மகள்கள் மூவர் நின்றிருந்தார்கள்.
யாருக்கும் இன்னும் கண் நனையவில்லை.
மூத்தவள் வில்மாரைப் பார்த்த பார்வையிலேயே
ரசீதில் பாதித் தொகை கழிந்தது.

கொட்டகைக்குத் திரும்பியதும் வில்மார் சொன்னது
ஒரே ஒரு வாக்கியம்:
"குடும்பத்துக்கு முன்னால் நாம் முந்தக் கூடாது, நிபியா."

மறுநாள் இலை ஊதும் எந்திரம் ஒன்று வந்தது,
பூங்காக்காரர்கள் வைத்திருப்பது போல, ஆரஞ்சு நிறத்தில்.
இடுக்கு இடுக்காக அதன் மூக்கை நுழைத்து ஊதுகிறேன்.
துளிகள் எலிக்குஞ்சுகளாகச் சிதறி ஓடும்.
அதன் பிறகும் நம்ப முடியாது.
ஆறரைக்கு, தெரு விழிக்குமுன்,
பெட்டியில்லாத அமரர் ஊர்தியைக் கிளப்பித்
துறைமுகச் சாலையில் எண்பதில் விரட்டி
பிரேக்கில் ஒரே மிதி.
இன்னொரு முறை. இன்னொரு முறை.
ரொட்டிக்கடைப் பையன் சிலுவை போட்டுக்கொள்கிறான்:
யாருக்கு இவ்வளவு அவசரம்?
நான் கையசைக்கிறேன்.
கண்ணாடி துப்புகிறது. இறங்கித் துடைக்கிறேன்.

இன்று எலியொடோரோ சில்வேரா.
பழக்கிடங்கில் ஆரஞ்சுப் பெட்டிகளை எடை போட்டவர்.
விடுதிக்காரிதான் தொலைபேசியில் அழைத்தாள்,
அறையை எப்போது காலி செய்வீர்கள் என்றும் கேட்டாள்.
செலவு நகராட்சியுடையது.
படிவத்தில் 'உறவினர்' என்ற கட்டத்தில்
வில்மார் கோடு கிழித்திருந்தார்,
அளவுகோல் வைத்து.

வழக்கம்போலக் கழுவினேன்.
ரப்பரை ஊதினேன். மூடியை ஊதினேன்.
இடது கண்ணாடியை ஊதினேன்.
வலதை விட்டுவிட்டேன்.
துறைமுகச் சாலைக்கும் போகவில்லை.
கேட்டால் பெட்ரோல் குறைவு என்று சொல்லலாம்.
வில்மார் கேட்கவில்லை.

அவர் பக்கத்தில் அமர்ந்து
கூட்டின் அடி விளிம்பையே பார்த்துக்கொண்டு போனேன்.
முதல் முனை.
கல் பாவிய சரிவு.
தண்டவாளம், அதில் வண்டி முழுதாகக் குலுங்கிற்று,
பின்னால் பெட்டியும் ஒருமுறை 'ம்' என்றது.
ஒன்றும் வரவில்லை.

கல்லறை வாசலில் நாங்கள் இருவர்,
மண்வெட்டியோடு இருவர்,
ஒரு நாய். அதுவும் வேறு யாருக்கோ வந்தது.
வலது கதவு உலர்ந்து, பளபளத்து,
மிக ஒழுக்கமாக நின்றது.
வில்மார் கற்றுத்தராத ஒரு கெட்ட வார்த்தையை
அதனிடம் மெல்லச் சொன்னேன்.

திரும்பும் வழியில் பெட்ரோல் பங்க்.
டயரில் காற்றுப் பார்க்க இறங்கினேன்.
நின்ற வண்டி லேசாக ஆடி ஓய்ந்தது.
அப்போது வந்தது,
ஒரே துளி,
விளிம்பில் தயங்கி,
கதவில் பாதி தூரம் இறங்கி
நின்றுகொண்டது.

மாத்தே குவளையோடு வில்மார் சுற்றி வந்தார்.
துளியைப் பார்த்தார். வலது கண்ணாடியைப் பார்த்தார்.
குழலை ஒருமுறை உறிஞ்சினார்.
பங்க் பையன் மீதிச் சில்லறையை எண்ணி முடிக்கும்வரை
இருவரும் அங்கேயே இருந்தோம்.

துணி என் தோளில்தான் கிடந்தது.